நோர்வே குரோனர், சுவீடன் குரோனர்: பழைய மாற்று வீதத்தை எங்கிருந்து எடுப்பது?

நோர்வேயிலும் சுவீடனிலும் வாழும் நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: அந்த வருடம் சுவீடன் குரோனர் என்ன விலை போனது? சுவீடனில் சில வருடம் வேலை செய்துவிட்டு ஒஸ்லோவுக்கு வந்தவருக்கு வரிப் படிவத்துக்காகத் தேவைப்படும். எல்லைக்கு அந்தப் பக்கம் வீடு வாங்கியவருக்கு அதை விற்கும்போது தேவைப்படும். இரண்டு நாட்டிலும் உறுப்பினர்கள் உள்ள சங்கத்தின் பொருளாளருக்கு ஆண்டுக் கணக்கை முடிக்கத் தேவைப்படும். பொருளியல் படிக்கும் பிள்ளைக்கு வரைபடம் போடத் தேவைப்படும். பெரும்பாலானோர் செய்வது, தேடுபொறியில் தட்டி முதலில் வரும் எண்ணை எழுதிக்கொள்வதுதான்.

அந்த எண் பிழையாக இருக்கவேண்டும் என்பதில்லை. ஆனால் அது எந்தக் கேள்விக்கான விடை என்பது அந்தப் பக்கத்தில் தெளிவாக எழுதியிருக்காது. ஒரே நாளுக்கு, ஒரே சோடி நாணயத்துக்குப் பல நேர்மையான எண்கள் உண்டு. மத்திய வங்கி பிற்பகலில் குறித்த விலை ஒன்று. சந்தை இரவில் விட்டுப்போன விலை இன்னொன்று. கார்ட் நிறுவனம் கணக்கில் பிடித்த விலை வேறு, வங்கிக் கவுண்டரில் கொடுத்த விலை வேறு. அந்த மாதத்தின் சராசரியும் உண்டு, வருடச் சராசரியும் உண்டு. எந்த இணையதளம் நல்லது என்று ஆராய்வதற்கு முன்னால் மூன்றை முடிவு செய்யவேண்டும் என்பது என் கருத்து: எந்த நாள், யாருடைய விலை, நாள் விலையா சராசரியா. இவற்றைத் தீர்மானித்துவிட்டால் இணையதளத் தேர்வு சின்ன விஷயமாகிவிடும். நல்ல மூலங்களுக்கிடையே வேறுபாடு மிகக் குறைவு. நாள் விலைக்கும் சராசரிக்கும், சராசரிக்கும் உண்மையில் கையில் கிடைத்ததற்கும் இடையேதான் பெரிய இடைவெளி இருக்கிறது.

முதலில், எல்லோருக்கும் பொதுவான தெரிவான ஐரோப்பிய மத்திய வங்கியை எடுப்போம். இது 1999 ஜனவரி 4 முதல் ஒவ்வொரு வேலை நாளும் யூரோவுக்கு எதிரான வீதங்களை வெளியிட்டு வருகிறது. பிற்பகல் 2 மணியைத் தாண்டியதும் ஐரோப்பாவின் மத்திய வங்கிகள் தங்களுக்குள் விலையைச் சரிபார்க்கின்றன. முடிவு மாலை 4 மணியளவில் வெளியாகிறது. 2016 ஜூலைக்கு முன் இன்னும் சீக்கிரமாக வெளியிட்டார்கள். அந்த எண்ணை வைத்தே நிறுவனங்கள் வாங்கல் விற்றல் செய்யக்கூடாது, இது தகவலுக்கு மட்டும் என்பதை உறுதியாக்கவே நேரத்தைப் பின்னுக்குத் தள்ளினார்கள். நமக்கு இதனால் ஒரு குறையும் இல்லை.

இங்கே நோர்வேக்கும் சுவீடனுக்கும் நேர் வீதம் கிடையாது. இரண்டும் யூரோவுக்கு எதிராகத்தான் இருக்கும், வகுத்தலை நாம் செய்யவேண்டும். 2009-ஐ எடுத்துப் பாருங்கள். அந்த வருடச் சராசரிப்படி ஒரு யூரோவுக்கு 8.7278 நோர்வே குரோனர், 10.6191 சுவீடன் குரோனர். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 1.2167. அதாவது ஒரு நோர்வே குரோனருக்கு ஏறக்குறைய 1.22 சுவீடன் குரோனர். திருப்பி வகுத்தால் 0.8219, அதாவது 100 சுவீடன் குரோனருக்கு 82 நோர்வே குரோனரும் சில்லறையும். சிறிய நாணயங்களுக்கு இப்படி யூரோ வழியாகச் சுற்றி வருவது குறுக்குவழியோ ஏமாற்றோ அல்ல. வங்கிகளுக்கிடையே இந்த இரண்டு குரோனர்களும் நேராகவும் கைமாறுகின்றன, அந்த நேர்விலை யூரோ வழி விலையிலிருந்து விலகிப் போனால் இடையில் லாபம் பார்ப்பவர்கள் உடனே அதைச் சமன் செய்துவிடுவார்கள்.

இந்தத் தெரிவின் பெரிய பலம் நடுநிலைமை. நோர்வேக்காரரும் சுவீடன்காரரும் கணக்குப் பார்க்கும்போது ‘உன் நாட்டு வங்கியா, என் நாட்டு வங்கியா’ என்ற பேச்சே எழாது. முழு வரலாற்றையும் ஒரே கோப்பாக இறக்கி எக்செலில் போட்டுக்கொள்ளலாம். இரண்டு நாணயங்களும் ஒரே நேரத்தில் குறிக்கப்பட்டவை, விடுமுறை நாட்களும் ஒன்றே. குறை என்று பார்த்தால், 1999-க்கு முன் எதுவும் இல்லை என்பதுதான்.

அடுத்தது நோர்வே மத்திய வங்கியான நோர்கெஸ் பாங்க். இங்கே வகுக்கும் வேலை இல்லை. சுவீடன் குரோனரின் விலை நேராக நோர்வே குரோனரில் இருக்கும். ஆனால் 100 சுவீடன் குரோனருக்கு எத்தனை நோர்வே குரோனர் என்றுதான் குறித்திருப்பார்கள். டென்மார்க் குரோனருக்கும் அதே வழக்கம். யூரோவும் டொலரும் ஒன்றுக்கு, அயல்நாட்டுக் குரோனர்கள் நூறுக்கு. எக்செலில் எல்லாப் பத்திகளையும் ஒரே சூத்திரத்தில் இழுத்துவிட்டால் சுவீடன் வருமானம் நூறு மடங்காகிவிடும். அதைப் பார்த்ததும் பிடித்துவிடலாம். திசை மாறிப்போவதுதான் ஆபத்து. இந்த இரண்டு நாணயங்களும் பல வருடங்களாக ஒன்றுக்கு ஒன்று என்ற அளவை ஒட்டியே நிற்கின்றன. பெருக்கவேண்டிய இடத்தில் வகுத்தாலும் விடை நம்பும்படியாகவே இருக்கும். யூரோவுக்கும் சுவீடன் குரோனருக்கும் இடையே இப்படித் திசை மாறினால் எண் பல மடங்கு தவறி உடனே கண்ணில் படும். இங்கே சில சதவீதம் மட்டும் தவறி, யாரும் கவனிக்காமல் கோப்பிலேயே தங்கிவிடும்.

சுவீடனின் மத்திய வங்கியான ரிக்ஸ்பாங்க் தன் பக்கத்திலிருந்து இதே வேலையைச் செய்கிறது, சுவீடன் குரோனரில் நோர்வே குரோனரின் விலையாக. தரத்தில் இரண்டுக்கும் ஏற்றத்தாழ்வு சொல்ல முடியாது. யாருக்குக் கணக்குக் காட்டுகிறீர்களோ அந்த நாட்டின் மத்திய வங்கியை எடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. நோர்வேயில் வரி கட்டுபவருக்கு நோர்கெஸ் பாங்க், சுவீடனில் கட்டுபவருக்கு ரிக்ஸ்பாங்க். அதிகாரி சரிபார்க்க நினைத்தால் அவர் போய்ப் பார்க்கும் இடமும் அதுவாகத்தான் இருக்கும். வரி அலுவலகம் தன் வழிகாட்டியில் ‘இந்த வீதம்தான்’ என்று சொல்லியிருந்தால் அதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம்.

விடுமுறை நாட்களைப் பற்றியும் சொல்லவேண்டும். மே 17 நோர்வேயின் தேசிய தினம், நோர்கெஸ் பாங்கில் அன்றைக்கு எண் இராது. ஆனால் ஐரோப்பிய மத்திய வங்கிக்கு அது சாதாரண வேலை நாள் என்பதால் அங்கே நோர்வே குரோனருக்கும் விலை இருக்கும். ஜூன் 6 சுவீடனின் தேசிய தினம், 2005 முதல் பொது விடுமுறை. பெரிய வெள்ளிக்கு முந்தின வியாழன் நோர்வேயில் விடுமுறை, சுவீடனில் இல்லை. இரண்டு நாட்டு வங்கிகளின் பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிசை எண்ணால் பொருத்தினால் ஏப்ரலிலேயே ஒரு வரி நழுவி, அதற்குப் பிறகு வரும் எல்லாம் ஒரு நாள் தள்ளிப்போகும். திகதியை வைத்துத்தான் பொருத்தவேண்டும். எண் இல்லாத நாளுக்கு அதற்கு முந்தைய வேலை நாளின் வீதத்தை எடுப்பது பரவலான பழக்கம். அடுத்த நாளை எடுப்பவர்களும் உண்டு. எதுவானாலும் கணக்கு முழுக்க ஒரே முறை இருக்கட்டும்.

மூன்றாவது தெரிவு, நாணய மாற்றி இணையதளங்கள். வேகத்துக்கு இவற்றை மிஞ்ச ஆளில்லை. கடையில் நின்றுகொண்டு விலையை ஒப்பிடுவதற்கு நானும் இவற்றைத்தான் பார்ப்பேன். பழைய கணக்குக்கு மட்டும் இவற்றைக் கடைசியாக வைக்கிறேன். ஒரு நாள் எத்தனை மணிக்கு முடிகிறது என்பதை ஒவ்வொரு தளமும் தன் வசதிக்கு முடிவு செய்கிறது. சந்தை மூடியிருக்கும் சனி, ஞாயிறுக்கும் எண் காட்டுகிற தளங்கள் உண்டு, பார்ப்பவருக்கு அது உண்மையான விலை மாதிரியே தெரியும். கணக்கிடும் முறையை மாற்றினாலும் நமக்குச் சொல்லப்போவதில்லை. ஐந்து வருடம் கழித்து யாராவது ‘இந்த எண் எங்கிருந்து வந்தது’ என்று கேட்டால் அதே பக்கம் அதே எண்ணைக் காட்டும் என்பதற்கு உத்தரவாதமும் கிடையாது.

மணி நேரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2020 மார்ச் 19, வியாழக்கிழமையைப் பார்க்கலாம். கொரோனா பயமும் எண்ணெய் விலைச் சரிவும் ஒன்றாக வந்த வாரம் அது. ஆறு நாள் முன்புதான் நோர்கெஸ் பாங்க் வட்டியை 1.5 சதவீதத்திலிருந்து 1-க்கு இறக்கியிருந்தது. அன்றைக்குச் சந்தையில் நோர்வே குரோனர் கட்டுக்கடங்காமல் விழுந்து, ஒரு கட்டத்தில் யூரோ 13 குரோனரைத் தாண்டியது. தேவைப்பட்டால் சந்தையில் நேரடியாகத் தலையிடுவோம் என்று நோர்கெஸ் பாங்க் அறிவிக்கவேண்டி வந்தது. ஆனால் ஐரோப்பிய மத்திய வங்கியின் அன்றைய பதிவு 12.3 அளவில்தான் இருக்கிறது. 13-ம் உண்மை, 12.3-ம் உண்மை. இடையே ஐந்து சதவீதத்துக்கும் மேல் இருக்கிறது. அந்த நாளுக்கான ‘அதிகபட்சம்’ எந்த எண் என்று ஒருவர் எழுதினால், எந்த மூலத்திலிருந்து என்று சேர்த்து எழுதாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. மறுநாளே வட்டி 0.25 சதவீதத்துக்கு வந்தது. மே 7-ல் பூச்சியம்.

இதுவரை சொன்ன மூன்றும் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் நிற்கும் எண்கள். அந்த விலையில் சாதாரண மனிதருக்கு யாரும் காசு மாற்றிக் கொடுப்பதில்லை. உங்கள் கையில் உண்மையில் என்ன வந்தது என்பதை அறிய ஒரே வழி வங்கிக் கூற்று, கார்ட் கூற்று, அல்லது பணம் அனுப்பிய ரசீது. இது நான்காவது தெரிவு. சொந்தச் செலவுக் கணக்குக்கு இதைவிட மேலானது கிடையாது.

ஒஸ்லோவிலிருந்து எல்லையிலுள்ள ஸ்வினெசுண்ட் பாலத்தைக் கடந்து சுவீடனின் ஸ்ட்ரோம்ஸ்டாட் பக்கம் சாமான் வாங்கப் போகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சனிக்கிழமை வாங்கியது கணக்கில் திங்களோ செவ்வாயோதான் ஏறும், அதற்குள் வீதம் மாறியிருக்கலாம். கடை இயந்திரம் ‘நோர்வே குரோனரிலேயே கட்டுகிறீர்களா’ என்று கேட்கும்போது ஆம் என்று அழுத்தினால், மாற்றுவது உங்கள் வங்கி அல்ல, கடைப் பக்கத்து நிறுவனம். அதன் வீதத்தில் கூடுதல் காசு சேர்ந்தே இருக்கும். சுவீடன் குரோனரில் கட்டுவதே பொதுவாக மலிவு. பழைய கணக்கைத் தோண்டும்போது இந்த இரண்டு வகைச் செலவும் கூற்றில் வேறு வேறாகத் தெரியும். முதல் வகையில் சுவீடன் தொகையும் நோர்வே தொகையும் இருக்கும், இரண்டாம் வகையில் நோர்வே தொகை மட்டும்தான் இருக்கும். கார்ட் நிறுவனங்கள் தங்கள் வீதத்தைத் தளத்தில் காட்டினாலும் பல வருடம் பின்னோக்கிப் போக விடுவதில்லை. ஆகவே கூற்றைப் பத்திரமாக வைப்பது உங்கள் பொறுப்பு. வங்கி மாறும்போது பழைய கூற்றுகளை இறக்கி வைக்காமல் கணக்கை மூடிவிடாதீர்கள்.

சரி, இப்போது சராசரிக்கு வருவோம். பெரிய பிழைகள் நடப்பது இங்கேதான்.

மாதாமாதம் சுவீடனிலிருந்து ஓய்வூதியமோ சம்பளமோ வந்திருந்தால் வருடச் சராசரி நியாயமான எண். பன்னிரண்டு முறை வந்த காசுக்குப் பன்னிரண்டு வீதம் தேடுவதற்குப் பதில் ஒன்று. ஆனால் ஒரே நாளில் நடந்த பெரிய பரிமாற்றத்துக்கு வருடச் சராசரியைப் போடவே கூடாது. 2020-ன் சராசரியைப் பாருங்கள்: யூரோவுக்கு 10.7228 நோர்வே, 10.4848 சுவீடன். வகுத்தால் ஒரு நோர்வே குரோனருக்கு 0.98 சுவீடன் குரோனர். அதே வருட ஜனவரியில் ஒரு நோர்வே குரோனர் 1.06 சுவீடன் குரோனர் அளவில் இருந்தது, மார்ச் நடுவில் 0.90 அருகே விழுந்தது. ஜனவரியில் வீட்டுக் காசை மாற்றியவர் 0.98 என்று எழுதினால் எட்டு சதவீதம் தவறு. ஒரு மில்லியன் குரோனர் பரிமாற்றத்தில் அது ஒரு நல்ல காரின் முற்பணம்.

சராசரியில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது, கணக்குத் தெரிந்தவர்களையும் தடுக்கிவிடக்கூடியது. ஒரு நோர்வே குரோனர் அரை வருடம் 1.20 சுவீடன் குரோனராகவும் அடுத்த அரை வருடம் 0.80 ஆகவும் இருந்தது என்று கற்பனை செய்யுங்கள். சராசரி 1.00. இப்போது அதையே சுவீடன் பக்கமிருந்து பாருங்கள். முதல் பாதியில் ஒரு சுவீடன் குரோனர் 0.8333 நோர்வே, அடுத்த பாதியில் 1.25. சராசரி 1.0417. இரண்டும் சரியான கூட்டல், ஆனால் ஒன்றைத் திருப்பிப் போட்டால் மற்றது வராது. நிஜ வருடங்களில் வேறுபாடு இவ்வளவு பெரிதாக இருக்காது, சாதாரணமாகச் சில்லறை அளவில் முடிந்துவிடும். என்றாலும் நோர்கெஸ் பாங்கின் வருடச் சராசரியும் ரிக்ஸ்பாங்கின் வருடச் சராசரியும் துல்லியமாகப் பொருந்தாமல் இருந்தால் பதறவேண்டியதில்லை. சுவீடன் தொகையை நோர்வேக்கு மாற்றுவதானால், நோர்வே குரோனரில் சொல்லப்பட்ட சராசரியையே எடுங்கள். மறுபக்கச் சராசரியைத் தலைகீழாக்காதீர்கள்.

1999-க்கு முன்னால் போகவேண்டியவர்களுக்குத் தெரிவுகள் மாறுகின்றன. 1971 ஜனவரி முதல் அமெரிக்காவின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் இரண்டு குரோனர்களையும் டொலருக்கு எதிராக நாள்தோறும் பதிவு செய்திருக்கிறது. அது நியூயோர்க்கின் நண்பகல் விலை, அதாவது ஐரோப்பாவில் மாலை. டொலர் வழியாக வகுத்தால் நோர்வே–சுவீடன் வீதம் வந்துவிடும். ஒரே மூலத்தில் இரண்டும் இருப்பதால் எனக்கு இது பிடித்த வழி. ஐரோப்பிய மத்திய வங்கித் தொடரோடு இதை ஒட்டி நீண்ட வரைபடம் போடுகிறவர்கள், ஒட்டிய இடத்தில் மணி நேரம் மாறுகிறது என்று ஒரு வரி குறிப்பிட்டால் போதும். இன்னும் பின்னோக்கிப் போவதற்கு இரண்டு மத்திய வங்கிகளும் வரலாற்றுத் தொடர்களைத் தொகுத்து வைத்திருக்கின்றன. நோர்வேயின் தொகுப்பு 1819 வரை போகிறது, சுவீடனுடையது மத்திய காலத்துக்கே போகிறது. வேறு எந்தத் தளத்தையும் நாடவேண்டிய தேவை இல்லை.

எந்தக் காலத்துக்கு எவ்வளவு நுணுக்கம் வேண்டும் என்பதும் முடிவின் ஒரு பகுதிதான், அதற்குக் கொஞ்சம் வரலாறு தெரிந்திருக்கவேண்டும். 1873-ல் டென்மார்க்கும் சுவீடனும் ஒரே தங்க அளவில் குரோனரை அமைத்தன, 1875-ல் நோர்வே சேர்ந்தது. ஒரு கிலோ தங்கத்துக்கு 2,480 குரோனர், மூன்று நாட்டிலும் அதுவே. ஆகவே 1875 முதல் 1914 வரை வீதம் ஒன்றுக்கு ஒன்று. பட்டியல் தேடவே வேண்டாம். முதல் உலகப் போர் தொடங்கி, நோட்டுக்குத் தங்கம் கொடுப்பது நின்றதும் அந்தச் சமன் உடைந்தது. 1914-க்குப் பிறகும் ‘ஒன்று’ என்றே எழுதிக்கொண்டு போவது பழைய குடும்பப் பத்திரங்களைப் படிப்பவர்கள் விழும் குழி.

இரண்டு நாடுகளும் டொலருக்கு எதிராகத் தங்கள் நாணயத்தின் மதிப்பைக் குறைத்த 1949 செப்டம்பருக்குப் பிறகு டொலருக்கு 7.14 நோர்வே குரோனர், 5.17 சுவீடன் குரோனர் என்று நிலைத்தது. வகுத்துப் பாருங்கள்: ஒரு நோர்வே குரோனருக்கு 0.72 சுவீடன் குரோனர்தான். 1971 வரை, இருபது வருடத்துக்கும் மேலாக இதே நிலை. எண்ணெய் கிடைப்பதற்கு முந்தைய நோர்வே அது. இன்றைய தலைமுறைக்கு நோர்வே குரோனர் பலமானது, சுவீடன் மலிவானது என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. 0.72 என்ற எண்ணைப் பார்த்ததும் திசை தவறிவிட்டது என்று நினைத்துத் திருப்பிப் போட்டுவிடுவார்கள். திருப்பவேண்டாம், அது சரியான எண்.

அதன்பின் சுவீடன் 1977-லும் 1981-லும் தன் நாணயத்தின் மதிப்பைக் குறைத்தது. 1982 அக்டோபரில் ஒரே அடியாக 16 சதவீதம். எண்ணெய் விலை சரிந்த 1986 மே மாதத்தில் நோர்வே ஏறக்குறைய 12 சதவீதம் குறைத்தது. இந்தக் காலத்தில் இரண்டு நாடுகளும் ஏதோ ஒரு நிலையான வீதத்தைக் காப்பாற்ற முயன்றுகொண்டிருந்தன. அதனால் பெரும்பாலான மாதங்களில் மாதச் சராசரி போதும், மதிப்பைக் குறைத்த மாதங்களில் மட்டும் நாள் விலை பார்க்கவேண்டும். 1992-ல் அந்த உலகம் முடிந்தது. செப்டம்பரில் ரிக்ஸ்பாங்க் வங்கிகளுக்கான ஓரிரவு வட்டியை 500 சதவீதம் வரை ஏற்றிப் போராடியது. நவம்பர் 19-ல் கைவிட்டு, சுவீடன் குரோனரை மிதக்க விட்டது, அதாவது விலையைச் சந்தையிடமே விட்டது. டிசம்பர் 10-ல் நோர்வேயும் விட்டது. நடுவிலிருந்த மூன்று வாரத்தில் ஒரு நாணயம் கட்டியிருக்க, மற்றது விழுந்துகொண்டிருந்தது. அந்த வருடக் கடைசியில் நடந்த எதற்கும் நாள் விலை தவிர வேறெதையும் ஏற்காதீர்கள். அதற்குப் பிந்தைய முப்பது வருடங்களுக்கும் பெரிய தொகை என்றால் நாள் விலைதான்.

டென்மார்க் குரோனரோடு ஒப்பிடுபவர்களுக்கு வேலை பாதி. டென்மார்க் 1999 முதல் யூரோவுக்கு 7.46038 என்ற மைய வீதத்தைச் சுற்றி மிகக் குறுகிய வரம்புக்குள் தன் நாணயத்தை வைத்திருக்கிறது. ஆகவே நோர்வே–டென்மார்க் வீதத்தின் அசைவு ஏறக்குறைய முழுவதும் நோர்வேயின் அசைவு. மூலங்களுக்கிடையே சண்டை வர இடமே இல்லை.

ஐஸ்லாந்து நேர் எதிர். அங்கே மட்டும் ‘நல்ல மூலங்கள் ஒத்துப்போகும்’ என்று நான் மேலே சொன்னது செல்லாது. 2008-ல் வங்கிகள் கவிழ்ந்த பிறகு, நவம்பர் கடைசியில் மூலதனக் கட்டுப்பாடுகள், அதாவது காசு எல்லை தாண்டுவதற்கான தடைகள், வந்தன. ஐரோப்பிய மத்திய வங்கி டிசம்பர் 3-ல் யூரோவுக்கு 290 என்ற கடைசி எண்ணோடு ஐஸ்லாந்து குரோனாவை நிறுத்திவிட்டு, 2018 பெப்ரவரியில்தான் மறுபடி தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் ஐஸ்லாந்து மத்திய வங்கி உள்நாட்டு வீதத்தைத் தொடர்ந்து வெளியிட்டது. 2010-களின் தொடக்கத்தில் அது பெரும்பாலும் 150-க்கும் 170-க்கும் இடையில். நாட்டுக்கு வெளியே மாட்டிக்கொண்ட குரோனாக்களோ அதைவிட மிக மலிவாகக் கைமாறின. அந்த வருடங்களுக்கு வீதம் எடுப்பவர், காசு எல்லைக்கு உள்ளே இருந்ததா வெளியே இருந்ததா என்று முதலில் கேட்கவேண்டும். இன்னும் பழைய காலத்துக்குப் போனால் 1981 ஜனவரி 1-ல் நூறு பழைய குரோனா ஒரு புதிய குரோனாவாக மாறியதையும் நினைவில் வைக்கவேண்டும்.

முடிவாக நான் எதை எடுப்பேன்? வரிக்கு, அந்த நாட்டு மத்திய வங்கி. மாத வருமானம் என்றால் வருடச் சராசரி, சொத்து விற்பனை என்றால் அந்த நாள். ஆய்வு வரைபடத்துக்கு ஐரோப்பிய மத்திய வங்கியின் மாதச் சராசரி, 1999-க்கு முன்னால் ஃபெடரல் ரிசர்வ். பணம் அனுப்பும் நிறுவனம் எவ்வளவு பிடித்தது என்று பார்க்க, ரசீதில் உள்ள வீதத்தையும் அதே நாளின் மத்திய வங்கி வீதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். முந்தின நாளோடு ஒப்பிட்டுக் குறைசொல்வது அந்த நிறுவனத்துக்கு நியாயமாகாது. சங்கக் கணக்குக்கு, ஆண்டின் கடைசி வேலை நாள் வீதத்தை வங்கி இருப்புக்கும், வருடச் சராசரியை வரவு செலவுக்கும் போட்டு, இரண்டையும் மூலத்தின் பெயரோடு கணக்கின் அடியில் எழுதிவிடுவேன்.

குடும்பத்துக்குள் இருக்கும் பழைய கடன் மட்டும் தனி ரகம். ஸ்டொக்ஹோமில் இருக்கும் மச்சான் 2009-ல் ஒஸ்லோவுக்கு 50,000 சுவீடன் குரோனர் அனுப்பினார் என்று வைப்போம். அந்த வருடச் சராசரியில் அது ஏறக்குறைய 41,100 நோர்வே குரோனர். 2020-ல் திருப்பிக் கொடுப்பதானால் அந்த வருடச் சராசரியில் ஏறக்குறைய 51,100. பத்தாயிரம் குரோனர் வித்தியாசம், எந்த மூலத்தை எடுத்தாலும் இது குறையப்போவதில்லை. இங்கே கேட்கவேண்டியது, கடன் எந்த நாணயத்தில் என்பதைத்தான். சுவீடன் குரோனரில் கொடுத்தது சுவீடன் குரோனரில் திரும்பவேண்டும் என்று இருவரும் ஒத்துக்கொண்டால் 2009-ன் வீதமே தேவையில்லை, அனுப்பும் நாளின் வீதம் போதும். நோர்வே குரோனரில் என்று பேச்சு இருந்திருந்தால் காசு வந்து சேர்ந்த நாளின் வங்கிக் கூற்றைத் தேடி எடுங்கள். கூற்று இல்லையென்றால் அந்த நாளின் ஐரோப்பிய மத்திய வங்கி வீதம். அப்போது பேசிக்கொள்ளவே இல்லை என்றால், இரண்டு தொகையையும் எழுதி மச்சான் முன்னால் வைத்துவிட்டு அவரிடமே கேட்பதுதான் முறை.